நம் கைகளால் ஒரு குடில்



திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் இல்லச் சந்திப்பும் தொடங்கிவிடும். மாலை ஆனதும் அன்பியம் அன்பியமாக, வீடு வீடாகச் செல்வேன். சில ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது பணியாற்றிய பங்கில், அப்படி ஒரு மாலையில் ஒரு பாட்டியின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம்தான் அவருடைய கணவர் இறந்திருந்தார். துக்க வீட்டில் அந்த ஆண்டு ஸ்டார் கட்டுவதில்லை, குடில் வைப்பதில்லை, பலகாரம் சுடுவதில்லை. இது எங்கள் பக்கத்து வழக்கம். செபம் முடித்து எழுந்தபோது, எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி என் பின்னாலேயே வாசல்வரை வந்தாள்.

"ஃபாதர், தாத்தா கட்டின ஸ்டார் பரண்மேல இருக்கு. தாள் எல்லாம் கிழிஞ்சிருச்சு. நான் புதுத் தாள் ஒட்டட்டுமா? பாட்டி வேண்டாம்னு சொல்றாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

எனக்கு உடனே பதில் வரவில்லை. வழக்கத்தை மீறச் சொல்வதா, அந்தப் பிள்ளையின் ஆசையைத் தடுப்பதா? கடைசியில், "முதல்ல கீழே இறக்கி, பாட்டியும் நீயும் சேர்ந்து தூசி தட்டுங்க. மத்ததை அப்புறம் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன். அந்த ஸ்டார் என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், நம் வீடுகளில் நாமே கையால் செய்யும் இந்தச் சிறிய வேலைகளைப் பற்றிச் சில எண்ணங்களை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் செய்த தவறு

அந்தப் பங்குக்கு மாற்றலாகி வந்த முதல் ஆண்டே, நான் ஆர்வத்தோடு குடில் போட்டி ஒன்றைத் தொடங்கினேன். வீட்டுக் குடில்களைப் பார்வையிட்டு மூன்று பரிசுகள் கொடுப்பது என்று திட்டம். முதல் ஆண்டில் வைக்கோல், மண், சிமெண்ட் பைத் தாள் என்று வீட்டில் கிடைத்ததைக் கொண்டே எல்லாரும் செய்திருந்தார்கள். ஒரு வீட்டில் மட்டும் சிறிய மோட்டார் வைத்து அருவி விழச் செய்திருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதல் பரிசை அதற்கே கொடுத்தோம்.

அடுத்த ஆண்டு ஏழெட்டு வீடுகளில் அருவி விழுந்தது. அதற்கடுத்த ஆண்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுக் குடில் அமைத்த வீடுகளும் இருந்தன. ஒரு வீட்டில், "இதுல நீ என்னப்பா செஞ்ச?" என்று சிறுவனிடம் கேட்டேன். "நான் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க ஃபாதர். ஷாக் அடிச்சிரும்" என்றான். பிள்ளைக்காக வைக்க வேண்டிய குடிலைப் பிள்ளையே தொட முடியாதபடி ஆக்கிவிட்டோமே என்று அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் போட்டியை ஆரம்பித்தவன் நான்தானே!

போட்டி என்றாலே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரில் 1937ஆம் ஆண்டிலிருந்து, இரண்டாம் உலகப் போர்க் காலம் தவிர, ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்தில் குடில் போட்டி நடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், குளிர்காலத்தில் கட்டட வேலை கிடைக்காத கொத்தனார்களும் கூலித் தொழிலாளர்களும், அட்டையையும் மரத்தையும் கொண்டு தங்கள் ஊர்க் கோவில் கோபுரங்களைப் போலவே குடில் செய்து, வீடு வீடாக எடுத்துச் சென்று காட்டினார்கள். இன்று சாக்லேட் சுற்றி வரும் பளபளப்புத் தாள்கூட அந்தக் கோபுரங்களில் ஓடாகவும் சன்னலாகவும் மாறிவிடுகிறது. 2018ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இந்தக் கலையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அங்கே மதிப்பெண் கையின் உழைப்புக்கு. நானோ பளபளப்புக்குக் கொடுத்துவிட்டேன்.

கிரெச்சோவில் தொடங்கிய வேலை

குடிலின் வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். 1223ஆம் ஆண்டு, இத்தாலியில் கிரெச்சோ என்னும் சிற்றூரில், புனித அசிசி பிரான்சிஸ் முதல் குடிலை அமைத்தார். அதில் சுரூபங்கள் எதுவும் இல்லை என்பதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. கிறிஸ்து பிறப்புக்கு ஏறக்குறைய 15 நாள்களுக்கு முன் அந்த ஊரில் இருந்த யோவான் என்ற நண்பரை அழைத்து, தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை ஆகியவற்றை ஆயத்தம் செய்யுமாறு அவர் கேட்டுக்கொண்டார். ஊர் மக்கள் தீப்பந்தங்களோடு வந்து சேர்ந்தார்கள். காசு கொடுத்து வாங்கிய அலங்காரம் அங்கே இருந்ததாகத் தெரியவில்லை. அந்த ஊரில் கிடைத்தவை, அந்த ஊர்க்காரர்கள் தூக்கி வந்தவை, அவ்வளவுதான்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது கோவில்கள் மூடப்பட்டன; பொதுவில் குடில் வைக்க முடியாமல் போயிற்று. அப்போது தென் பிரான்சின் புரோவான்ஸ் பகுதி மக்கள் தங்கள் வீடுகளுக்குள் சிறிய குடில்களை வைத்தார்கள். மார்செய் நகரைச் சேர்ந்த ஜான் லூயி லாஞ்ஞெல் என்பவர் அச்சு செய்து, களிமண்ணால் சிறு பொம்மைகளை உருவாக்கினார். ஏழைகளும் வாங்கக்கூடிய அந்தப் பொம்மைகளுக்கு 'சின்னப் புனிதர்கள்' என்று பொருள்படும் பெயர் வழங்கலாயிற்று. திருக்குடும்பத்தோடு ரொட்டி சுடுகிறவர், மீன் விற்கும் பெண், கத்தி சாணை பிடிப்பவர் என்று அந்த ஊர் மக்கள் எல்லாருமே அந்தக் குடிலில் இடம் பெற்றார்கள். கோவில் கதவு மூடப்பட்ட காலத்திலும் வீட்டுக்குள் விசுவாசம் அணையாமல் இருந்ததற்கு அந்தக் களிமண் பொம்மைகளும் துணை நின்றன.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் அதே கிரெச்சோவுக்குச் சென்று, குடிலைப் பற்றிய திருத்தூது மடல் ஒன்றில் கையெழுத்திட்டார். குடும்பங்கள் தங்கள் வீட்டில் குடில் அமைக்கும் பழக்கம் தொடர வேண்டும், எங்கே அது மறைந்துவிட்டதோ அங்கே மீண்டும் உயிர்பெற வேண்டும் என்று அதில் விரும்பினார். பல வகைப் பொருள்களைக் கொண்டு மக்கள் தங்கள் கற்பனையில் உருவாக்கும் அழகைப் பாராட்டினார். குடில் எப்படி அமைக்கப்படுகிறது என்பதைவிட, அது நம் வாழ்வோடு பேசுகிறதா என்பதுதான் அவருக்கு முக்கியமாக இருந்தது.

கை வேலை ஏன் மகிழ்ச்சி தருகிறது?

இல்லச் சந்திப்புகளில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். வளர்ந்த மகனும் அப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு வருவதில்லை. அதே இருவரும் தரையில் உட்கார்ந்து, ஒருவர் குச்சியைப் பிடிக்க மற்றவர் நூலைச் சுற்றினால், பத்து நிமிடத்தில் ஏதோ ஒரு கதை தொடங்கிவிடுகிறது. கண்கள் வேலையில் இருப்பதால் மனம் கூச்சமில்லாமல் திறக்கிறது. விரலில் பசை இருப்பதால் கைப்பேசியையும் தொட முடிவதில்லை!

நம் அன்றாட வேலைகள் பலவற்றுக்கு முடிவே இல்லை. துவைத்த துணி மறுநாள் அழுக்காகிறது; அலுவலகக் கணக்கு மாதம் முடிந்தால் மீண்டும் தொடங்குகிறது. ஆனால் மாலையில் செய்யத் தொடங்கிய ஒரு களிமண் ஆடு, இரவுச் சாப்பாட்டுக்குள் நாலு காலில் நிற்கிறது. அது ஆடு போல இல்லாமல் நாய் போல இருந்தாலும் பரவாயில்லை. ஒரு வீட்டில் அப்படிப்பட்ட ஆடு ஒன்றைப் பல ஆண்டுகளாகக் குடிலில் வைத்து, ஒவ்வோர் ஆண்டும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அதைச் செய்த பையன் இப்போது வெளிநாட்டில் வேலையில் இருக்கிறான். அதைத் தூக்கிப் போட அம்மாவுக்கு மனம் வருமா?

ஆண்டவர் இயேசுவை நாசரேத்து மக்கள் தச்சர் என்றே அறிந்திருந்தார்கள் என்று மாற்கு நற்செய்தி கூறுகிறது (மாற் 6:3). நம் மீட்பர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கை வேலை நடந்த ஒரு சிறிய வீட்டில்தான் கழித்தார். நாம் வீட்டில் மரத்தூளும் பசையுமாக உட்கார்ந்திருக்கும் மாலையும் அவருக்கு அந்நியமானதாக இருக்காது.

ஸ்டார் கட்டுவது எப்படி?

"எங்களுக்குத் தெரியாதே ஃபாதர்" என்று இளம் பெற்றோர் பலர் சொல்கிறார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், தெரிந்தவர்கள் என் பிழையைத் திருத்துங்கள்.

பேனாவை எடுக்காமல் ஐந்து கோட்டில் பிள்ளைகள் நட்சத்திரம் வரைவார்கள் அல்லவா? அந்த ஐந்து கோடுகள்தாம் ஐந்து குச்சிகள். இரண்டடி நீளத்தில் மெல்லிய மூங்கில் குச்சிகள் பத்து எடுத்துக்கொள்ளுங்கள். பத்தும் ஒரே நீளம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டார் ஒரு பக்கம் சாயும். ஐந்து ஐந்தாகக் கட்டி இரண்டு நட்சத்திரங்கள் செய்யுங்கள். முனைகளில் மட்டுமல்ல, குச்சிகள் ஒன்றையொன்று கடக்கும் இடங்களிலும் நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். பிறகு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். இப்போது நான்கு அங்குலத்தில் ஐந்து சிறு குச்சிகள் தேவை. உள்ளே குச்சிகள் கடக்கும் ஐந்து இடங்களிலும் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் இவற்றை முட்டுக் கொடுத்தால், தட்டையாக இருந்த ஸ்டார் வயிறு புடைத்து எழும். பிள்ளைகள் கைதட்டும் நேரம் இதுதான்.

மைதா மாவை நீரில் கரைத்துக் கிளறிக் காய்ச்சினால் பசை தயார். அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை சேர்ப்பார்கள். அது நச்சு, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். வண்ணத் தாளைக் குச்சிக்கு வெளியே ஒரு விரல் அளவு விட்டு வெட்டி, மடித்து ஒட்டுங்கள். கீழே இரண்டு முனைகளுக்கு நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து விட்டால் பல்பை உள்ளே இறக்கலாம். சூடு அதிகமில்லாத சிறிய எல்.இ.டி. பல்பு போதும். என் சிறு வயதில் நானும் என் அண்ணனும் அப்பாவுக்குத் தெரியாமல் ஸ்டாருக்குள் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தோம். மூன்று நாள் உழைப்பு மூன்று நிமிடத்தில் சாம்பலாயிற்று. அப்பா அடிக்கவில்லை, மறுநாள் எங்களையே புதுக் குச்சி சீவ வைத்தார். இன்றும் ஸ்டார் கட்டத் தெரிந்திருக்கிறேன் என்றால் அந்தத் தண்டனையால்தான்.

ஸ்டாரும் நமக்கு மட்டும் உரியது அல்ல. பிலிப்பைன்ஸ் நாட்டுக் கத்தோலிக்கர் மூங்கிலாலும் தாளாலும் இதே போன்ற ஐந்து முனை விளக்கைச் செய்து, கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய ஒன்பது நாள் அதிகாலைத் திருப்பலிக் காலத்தில் வீடுகளிலும் கோவில்களிலும் தொங்கவிடுகிறார்கள்.

குடிலுக்குப் புல் வளர்ப்போம்

குடில் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது புல் வளர்ப்பது. கேழ்வரகை ஓர் இரவு ஊற வைத்து, மறுநாள் துணியில் கட்டி வையுங்கள். முளை எட்டிப் பார்த்ததும், பழைய தாம்பாளத்தில் ஈர மண்ணையோ தென்னை நார்த் தூளையோ பரப்பி, அதன்மேல் நெருக்கமாகத் தூவுங்கள். காலையும் மாலையும் கையால் தண்ணீர் தெளித்தால் போதும், ஊற்றினால் அழுகிவிடும். முளைப்பாரி வளர்த்துப் பழகிய ஊர்களில் பாட்டிமாருக்கு இதன் பக்குவம் நன்றாகத் தெரியும். வெளிச்சமே படாமல் வைத்தால் வெளிறிய மஞ்சளாக வளரும். சன்னலோரம் வைத்தால் பச்சை பிடிக்கும். டிசம்பர் 14, 15 தேதியில் விதைத்தால் 24ஆம் தேதி இரவுக்கு விரல் உயரப் புல்வெளி தயாராகிவிடும்.

மேலே சொன்ன புரோவான்ஸ் பகுதியிலும் இதே பழக்கம் உண்டு. டிசம்பர் 4, புனித பார்பரா நாளன்று அங்கே சிறு தட்டுகளில் கோதுமையை முளைக்க வைத்து, பின்னர் குடிலில் வைக்கிறார்கள். கடல் கடந்த இரண்டு ஊர்களின் பாட்டிமாரும் ஒரே வேலையைச் செய்கிறார்கள் என்று எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

விதைத்த தாம்பாளத்தைப் பிள்ளைகளின் பொறுப்பில் விடுங்கள். காலையில் எழுந்ததும் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். எவ்வளவு அவசரப்பட்டாலும் முளை அதன் நேரத்தில்தான் வரும். திருவருகைக் காலம் காத்திருப்பின் காலம் என்று நான் பீடத்திலிருந்து எத்தனை முறை சொன்னாலும் புரியாதது, அந்தத் தாம்பாளத்தைப் பார்த்த பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது.

மற்றவை எளிது. சிமெண்ட் பைத் தாளை நன்றாகக் கசக்கி, செம்மண் குழம்பில் தோய்த்துக் காய வைத்தால் மலையும் குகையும் கிடைக்கும். மரத்தூளுக்குச் சாயம் ஏற்றினால் பாதை, கொட்டாங்கச்சி கிணறு, பழைய கண்ணாடித் துண்டு குளம். கண்ணாடியின் விளிம்புகளைப் பெரியவர்களே மணலில் புதைத்து வைக்க வேண்டும். களிமண் பொம்மைகளை வெயிலில் வைத்தால் வெடிக்கும்; நிழலில் மெதுவாக உலர்த்துங்கள். களிமண் கிடைக்காத நகரத்து வீடுகளில், பழைய செய்தித்தாளை ஊற வைத்து, வெந்தயத்தோடு சேர்த்து அரைத்த காகிதக் கூழ் போதும். நம் பாட்டிமார் கூடையும் தட்டும் செய்தது இதில்தான்.

நேரம் இல்லை என்கிறவர்களுக்கு

இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளின் சுமை எனக்குத் தெரியும். கடையில் ஸ்டார் வாங்குவது குற்றமில்லை. எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டும் என்று புதிய சுமையை உங்கள் தோளில் ஏற்றவும் நான் விரும்பவில்லை. ஒரே ஒரு பொருளை மட்டும் வீட்டார் எல்லாரும் சேர்ந்து செய்யுங்கள். முதல் வாரம் குச்சி சீவலாம். இரண்டாம் வாரம் கட்டலாம். மூன்றாம் வாரம் தாள் ஒட்டலாம், புல்லும் விதைக்கலாம். நான்காம் வாரம் எல்லாவற்றையும் அடுக்கலாம். வாரத்தில் ஒரு மாலை, அரை மணி நேரம், தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் போதும். தனியாக வாழும் முதியவர் பக்கத்து வீட்டில் இருந்தால் அவரையும் கூப்பிடுங்கள். அவருக்குத் தெரிந்த முடிச்சு உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

அந்தப் பாட்டியின் வீட்டில்

கிறிஸ்து பிறப்புக்கு இரண்டு நாள் முன்பு, நற்கருணை கொடுப்பதற்காக அந்தப் பாட்டியின் வீட்டுக்கு மீண்டும் சென்றேன். வாசலில் ஸ்டார் இல்லை. உள்ளே, தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில், வெள்ளைத் தாள் ஒட்டிய ஸ்டார் தொங்கியது. விளக்குப் போடவில்லை. பாட்டிதான் வெள்ளைத் தாள் என்று முடிவு செய்தாராம்.

நற்கருணை வாங்கிக்கொண்ட பிறகு பாட்டி என்னை ஸ்டாருக்கு அருகில் கூப்பிட்டார். "இந்த முடிச்சைப் பாருங்க சாமி. இது அவரு போட்டது. வலைக்குப் போடுற முடிச்சு, அவிழாது. இந்தா, இந்த ஒரு குச்சி மட்டும் உடைஞ்சு போச்சு. இவதான் புதுசு வச்சுக் கட்டினா. முடிச்சு எவ்வளவு பெருசா இருக்கு பாருங்க!" என்று சொல்லிச் சிரித்தார். கணவர் இறந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "நாலு தடவை அவுத்து அவுத்துச் சொல்லிக் கொடுத்தேன் சாமி. கடைசி முடிச்சு கொஞ்சம் பரவால்ல."

யோப்பா நகரில் தபித்தா இறந்தபோது, பேதுருவைச் சுற்றி நின்ற கைம்பெண்கள் அவர் தங்களோடு இருந்தபோது செய்துகொடுத்த ஆடைகளைக் காட்டி அழுதார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது (திப 9:39). தபித்தாவின் நற்செயல்களைப் பற்றிப் பேச அவர்களுக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. அவர் போட்ட தையல் போதுமானதாக இருந்தது. அன்று அந்த ஸ்டாருக்குக் கீழே நின்றபோது எனக்கு இந்தப் பகுதிதான் நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகள் அதே வீட்டு வாசலில், அதே ஸ்டாருக்குக் கீழே நின்று தேநீர் குடித்திருக்கிறேன். ஒருமுறைகூட அண்ணாந்து பார்த்து, "யார் கட்டினது?" என்று அந்தப் பெரியவரிடம் கேட்டதில்லை. அருவி விழும் குடிலைத் தேடி நான் அவசரமாகப் போய்க்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆண்டிலிருந்து பரிசுகளை நிறுத்திவிட்டோம். அதற்குப் பதிலாக ஒவ்வொரு வீட்டிலும், "இதில் யார் எதைச் செய்தீர்கள்?" என்று மட்டும் கேட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருகிறேன். இப்போது வேறு பங்கில் இருக்கிறேன். இங்கும் அதே வழக்கம்தான். இல்லச் சந்திப்பு முடிய முன்னைவிட நேரமாகிறது. உபதேசியார் கடிகாரத்தைப் பார்ப்பதும் உண்டு.

அன்பார்ந்தவர்களே, இந்த ஆண்டு உங்கள் வீட்டுக் குடிலில் உங்கள் கையால் செய்த ஒன்றாவது இருக்கட்டும். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. அதைச் செய்தவரின் பெயரையும் ஆண்டையும் அடியில் எழுதி வையுங்கள். என்றாவது ஒரு நாள் உங்கள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ அதைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டும்போது, உங்களைப் பற்றிப் பேச அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

நாசரேத்துத் திருக்குடும்பம் உங்கள் குடும்பங்களையும், உங்கள் கைகளின் உழைப்பையும் காப்பதாக!